மாதிரி நேர்காணல்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த தனியார் கல்வி நிலையத்தில் ஐறீன் ஆராய்ச்சி முறைகள் படிப்பித்துவந்தாள். கம்பஸுக்குப் போகாமல் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைகள். தமிழில் அந்தப் பாடத்துக்கு உருப்படியாக ஒரு புத்தகமில்லை. கைக்குக் கை மாறிய போட்டோகொப்பிகளும் எழுத்தழிந்துபோயிருந்தன. கூடப் படிப்பித்த கிளெமென்ற்தான், "நாங்களே ஒரு வெப்சைற் செய்வம் ஐறீன். சண்டையில பாதை பூட்டினாலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையள் பார்க்கலாம்தானே" என்றான். கம்பஸ் காலத்திலிருந்தே நண்பன். அவள் உடனே ஓமென்றாள்.

ஆறேழு மாதம் இரண்டு பேரும் மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள். வினாக்கொத்து தயாரிப்பது எப்படி, ஆட்களை எப்படித் தெரிவு செய்வது என்றெல்லாம் பாடங்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஆய்வு ஒழுக்கம் பற்றிய பாடம் ஐறீன் எழுதியது. நம்பிச் சொன்னவரின் சம்மதமில்லாமல் ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது என்று அதில் அழுத்தி எழுதியிருந்தாள்.

அதே நேரம் முதுமாணிப் பட்டத்துக்காகத் தன் சொந்த ஆய்வையும் செய்துகொண்டிருந்தாள். கணவனை யாரோ பிடித்துக்கொண்டுபோன பின் பெண்கள் எப்படிக் குடும்பத்தைக் கொண்டுபோகிறார்கள் என்பது விஷயம். அப்படித்தான் கொட்டாஞ்சேனை பிறிஜெற் அறிமுகமானாள். துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய கணவன் றேமண்டை வான் வண்டியில் வந்தவர்கள் ஏற்றிப்போய் ஒரு வருஷமாகியிருந்தது. "வீட்டில கதைக்க ஏலாது, மாமி, அவற்ற அம்மா இருப்பா" என்று சொல்லி, வெள்ளவத்தையில் ஐறீனின் அறைக்கே வந்தாள். ரெக்கோடரைப் பார்த்துத் தயங்கினாள்.

"எழுதி முடிச்சதும் அழிச்சிடுவன் அக்கா. என்னைத் தவிர ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றாள் ஐறீன்.

அந்தச் சொல்லை நம்பித்தான் பிறிஜெற் வாய் திறந்தாள்.

ஐறீன் செய்த பிழை ஒன்றே ஒன்று. ஒலிநாடாவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரச் சொல்லி கிளெமென்றிடம் கொடுத்தாள். அவன் கேட்டுவிட்டு, "இதில ஒரு துண்டு போட்டா எவ்வளவு நல்ல பாடம் தெரியுமா?" என்றான். "கூடவே கூடாது" என்றாள். "சரி, அப்ப நாங்களே நடிச்சுப் பதிவம்" என்றான். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை வகுப்பு. முன்வரிசையிலிருந்த மாக்ரெட் என்ற பிள்ளை, "மிஸ், சைற்றில புதுசா ஒரு நேர்காணல் வந்திருக்கு. எங்கட வீட்டு போன் லைனில இறங்குதில்லை. இஞ்ச போட்டுக் காட்டுங்களன்" என்றாள். 'மாதிரி நேர்காணல்: மௌனத்தைக் கையாளும் விதம்' என்றிருந்தது. நடித்துப் பதிந்ததாக்கும் என்று ஐறீன் அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம். பிறகு பிறிஜெற்றின் குரல்.

"அவரோட உள்ளுக்கு அடைபட்டிருந்து வெளிய வந்த ஒருத்தர் வந்து சொன்னவர். கழுத்தில கயித்தில கிடந்த மாதா உத்தரியத்தையும் தந்தவர். அவர் உயிரோட இல்லை, எனக்குத் தெரியும். மாமிக்கு நான் சொல்லயில்லை. மகன் வருவானெண்டு ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறா. எப்பிடிச் சொல்லுறது?"

ஐறீன் நிறுத்தும் பொத்தானைத் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் சொல்லி முடிந்துவிட்டது.

மாக்ரெட் எழும்பி நின்றாள். "அது எங்கட மச்சாள்" என்றாள். ஒருவருக்கும் விளங்கவில்லை. "மிஸ், அது என்ர அண்ணான்ர மனிசி." பையைக்கூட எடுக்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

கிளெமென்ற் அலுவலக அறையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தான்.

"நான் வேண்டாமெண்டு சொன்னனான்தானே?"

"பேர் வெட்டியாச்சு, இடம் வெட்டியாச்சு. பிறகென்ன?"

"குரலை எங்க வெட்டினனீ?"

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "நடிச்சுப் பார்த்தன். உயிரில்லை. எத்தினை பிள்ளையள் இதைக் கேட்டுப் படிக்கும் எண்டு யோசிச்சுப் பார். உனக்கும் பெருமைதானே, உன்ர நேர்காணல்."

அவன் முகத்தில் குற்றம் செய்த குறியே இல்லை. இவனிடமா இத்தனை வருஷம் எல்லாவற்றையும் நம்பிக் கொடுத்தோம் என்று நினைத்தபடி அவள் வெளியே வந்தாள்.

திறீவீலர் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். கோட்டைச் சோதனைச்சாவடியில் ஆமி மறித்து, ஐடென்ரிற்றி கார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கொஹேத யன்னே?" என்று போகுமிடம் கேட்டார்கள். யாளுவாவின், அதாவது சிநேகிதியின், வீட்டுக்கு என்று சிங்களத்தில் சொன்னபோது நாக்குக் கூசியது.

போய்ச் சேர்ந்தபோது மாக்ரெட் முந்திவிட்டிருந்தாள். முன்கூடத்தில் நிலத்தில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தாள். மாமி அழவில்லை. கதிரையில் நிமிர்ந்திருந்து மருமகளைப் பார்த்தபடியே கேட்டா:

"பெத்தவள் நான் பக்கத்தில இருக்க, ஆரோ ஒருத்திக்குப் போய்ச் சொன்னனியா?"

பிறிஜெற் வாசலில் நின்ற ஐறீனைக் கண்டதும், "அழிக்கிறன் எண்டு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான்.

"நான் போடயில்லை அக்கா..." என்று தொடங்கினாள் ஐறீன். யார் போட்டால் அவளுக்கென்ன?

மாமிதான் அவளை உள்ளே கூப்பிட்டா. கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினா. "பிள்ளை, நீதானே முழுக்கக் கேட்டனீ. வேற என்ன சொன்னவள்? என்ர பிள்ளையை அடிச்சவங்களாமா? கடைசியில தண்ணியாவது குடுத்தவங்களாமா?"

உள்ளேயிருந்து வந்த அந்த மனிதர் பிறிஜெற்றிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். ஒலிநாடாவில் எல்லாம் இருந்தது. பிறிஜெற் சுவரோடு ஒட்டிநின்று ஐறீனின் வாயையே பார்த்தாள்.

"வேற ஒண்டும் சொல்லயில்லை அம்மா. அவவுக்கும் தெரியாது" என்றாள் ஐறீன்.

மாமி கையை விட்டா. நம்பினாவோ இல்லையோ தெரியாது. எழும்பிப் போய் றேமண்டின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினா.

அடுத்த கிழமை கிளெமென்ற் அந்தத் துண்டை எடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினான். அதற்குள் எத்தனை பேர் இறக்கி வைத்திருந்தார்களோ. ஐறீன் அந்த நிலையத்தை விட்டாள், ஆய்வையும் விட்டாள். றேமண்டின் ஆத்துமத்துக்காக ஒப்புக்கொடுத்த பூசைக்குப் போய்க் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருந்தாள். பூசை முடிந்து வெளியே வருகையில் பிறிஜெற் அவளைக் கண்டாள். நின்றாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று ஐறீன் எழும்பினாள். பிறிஜெற் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மாமியின் முழங்கையைப் பிடித்தாள். மாமி அந்தக் கையைத் தட்டிவிட்டு, படியில் தனியே இறங்கினா.