தொம்மையின் எண்

இஞ்ஞாசியம்மாளுக்குப் புன்னக்காயலில் ஆற்று வாய்தான் பிழைப்பு. தாமிரபரணி கடலில் கலக்கிற இடத்தில், ஓதம் இறங்கும் நேரம் பார்த்து மார்பளவு நீரில் நிற்பாள். கால்விரலால் சேற்றைத் துழாவி, மட்டிச் சிப்பி தட்டுப்பட்டதும் முங்கி எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்வாள். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. பாதித் தூக்கத்தில் மிதப்பது போலப் பொழுது போகும். ஆறு ஒரு பக்கம் சில்லென்று வந்து தொடும், கடல் மறுபக்கம் வெதுவெதுப்பாக. ஆனால் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்பாள்.

அன்றைக்கு மாதா கோயில் மண்டபத்தில் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குப் பதிவு முகாம். பதிந்து அட்டை வாங்கிவிட்டால், நாளைக்கு உடம்புக்கு ஒன்று என்றால் அரசிடம் போய்க் கேட்க ஒரு பிடி இருக்கும் என்றார்கள். இ-சேவை மையத்து ஜாய்சி மடிக்கணினியில் இஞ்ஞாசியம்மாளின் ஆதார் எண்ணைத் தட்டினாள்.

"சித்தி, ஓடிபி போயிருக்கு. போனப் பாருங்க."

போனில் ஒன்றும் வரவில்லை.

"கடைசி மூணு எண்ணு நாலு, ஏழு, ஒண்ணுன்னு காட்டுதே. இது யாரு நம்பரு?"

தொம்மையின் எண். ஆதார் எடுத்த காலத்தில் வீட்டில் இருந்தது புருஷனுடைய அந்த ஒரே போன்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் தொம்மை போய்ச் சேர்ந்தபின், சில வாரம் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லும். பிறகு விட்டுவிட்டாள்.

"அந்த நம்பரு இப்ப இல்லியே மக்கா."

"யாருக்கோ மாறியிருக்கு சித்தி. பத்து நிமிசம்தான் நேரம். கூப்பிட்டுக் கேளுங்க. இல்லன்னா நம்பர மாத்திட்டு அடுத்த முகாமுக்குத்தான் வரணும்."

அந்த எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. மண்டபத்து இரைச்சல் அவளை விட்டு விலகிப் போனது, தண்ணீருக்குள் தலை முங்கியது போல.

"யாரு பேசுதது?" ஓர் ஆண் குரல். அதன் பின்னால் ஹோவென்று நீர் விழும் ஓசை. அந்த ஓசை கடல் போலக் கேட்க, அவள் தடுமாறிப் போனாள்.

"இது... எங்க வீட்டுக்காரவுக நம்பரு, அண்ணாச்சி."

தண்ணீர் ஓசையைத் தாண்டி அந்தக் குரல் உயர்ந்தது.

"தொம்மையா?"

"அவுகளத் தெரியுமா ஒங்களுக்கு?"

"பாத்ததில்லம்மா. என் பேரு ஐயம்பெருமாள், பாபநாசத்துல இருக்கேன். மூணு வருசமா அவருக்கு வாரதெல்லாம் எனக்குத்தான் வருது. அலை ஒசரமா இருக்கும், தொம்மை கடலுக்குப் போவாண்டாம்னு ஒங்க மீனவர் சங்கத்துல இருந்து மெசேஜ் வரும். நான் கடலையே பாத்ததில்ல. ஆனா அன்னைக்குப் பூரா மனசு கெடந்து அடிச்சிக்கிடும், மனுசன் போனாரோ, கர சேந்தாரோன்னு. சொவமா இருக்காரா?"

"அவுக தவறி நாலு வருசம் ஆச்சு, அண்ணாச்சி."

"அப்பம்... அந்த நாள்லலாம் அவரு கடலுக்குப் போவலியா?" என்றார் அவர் பைய.

இஞ்ஞாசியம்மாளுக்குக் கண் நிறைந்தது. தான் காத்திருப்பதை விட்ட பிறகும், தாமிரபரணி இறங்கிவரும் மலையடிவாரத்தில் ஒருத்தர் தொம்மைக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜாய்சி கைக்கடிகாரத்தைக் காட்டினாள். இஞ்ஞாசியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். அவர் தயங்கினார்.

"இந்த ஓடிபி நம்பர யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே. ஏமாத்துதவனுவளும் இப்பிடித்தான கேக்கானுவ. ஒண்ணு சொல்லுங்க, சங்கத்து மெசேஜ்ல அவரு போட்டு பேரும் வரும், அது என்ன பேரு?"

"சந்த ராயப்பர்."

"சரியாப் போச்சு. எழுதிக்கோங்க."

ஆறு எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜாய்சி தட்டினாள். திரை திறந்தது.

"என்ன வேலைன்னு போட, சித்தி?"

"சும்மாதான..." என்று தொடங்கினாள். போன் இன்னும் காதில் இருந்தது.

"என்ன வேலைம்மா பாக்கிய?" என்றார் ஐயம்பெருமாள்.

ஏனோ அவரிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. "ஆத்துல எறங்கி மட்டி எடுக்கேன் அண்ணாச்சி. இருவத்திரெண்டு வருசமா."

ஜாய்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு, மீன்பிடித் தொழில் என்ற வரிசையைத் தேடி அழுத்தினாள்.

"நானும் ஆத்துக்குள்ளதான் கெடக்கேன்," என்றது குரல். "சடங்கு முடிச்சவங்க தண்ணியில வுட்டுட்டுப் போற துணிய முங்கி எடுத்துக் கரையில போடுதேன். இதுக்கெல்லாம் அதுல பேரு இருக்குமா?"

"பேரு இல்லன்னா பக்கத்துல உள்ளதப் போடுவாவ. நீங்க மொதல்ல ஒங்க ஆதாரோட இந்த நம்பர சேத்துருங்க அண்ணாச்சி," என்றாள் இஞ்ஞாசியம்மாள். பத்து நிமிஷத்துக்கு முன்பு கற்றதை வெகுநாள் தெரிந்தவள் போலச் சொன்னாள். ஜாய்சி சிரித்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஐயம்பெருமாளே கூப்பிட்டார். துப்புரவுத் தொழில் என்று பதிந்துவிட்டார்களாம். தை மாதத்தில் மனைவியோடு பஸ் ஏறிப் புன்னக்காயலுக்கு வந்தார். கரையில் நின்று கடலைப் பார்த்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்காலளவு அலைக்குள் இறங்கினார். அப்புறம் இஞ்ஞாசியம்மாள் வீட்டில் அவர்களுக்குச் சோறும் மட்டிக் குழம்பும் போட்டாள்.

"இம்புட்டையும் காலாலயாம்மா தேடி எடுத்திய?" என்று கேட்டுக்கொண்டே அவர் இன்னொரு கரண்டி வாங்கினார்.