கடைசிக் கயிறு

பிரேதப்பெட்டி வாசல் படலையைத் தாண்டியதும் பெண்கள் நின்றுவிட்டார்கள். சுடலைக்கு ஆண்கள் மட்டும்தான். அப்பாவைக் கொண்டுபோன வாகனம் தெருமுனையில் திரும்பி மறையும்வரை ஜெயரூபி பார்த்தாள். பிறகு கிணற்றடியில் தலைமுழுகி, உடுப்பை மாற்றிக்கொண்டு ஓட்டோவுக்குப் போன் எடுத்தாள்.

"எங்கயடி வெளிக்கிடுறாய்?" தானும் தலைமுழுகிவந்து மறித்தது புஷ்பவதி மாமி, செத்தவரின் தங்கை.

"கலரிக்கு மாமி. அஞ்சு மணிக்குத் திறக்கோணும்."

"விசரா உனக்கு? துடக்கு வீடு! கொப்பர் இன்னும் எரிஞ்சு முடியேல்ல."

"அவற்ர அறை மாமி. ஒரு கயிறு மிச்சம் கிடக்கு."

துறைமுகத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த சரக்குக் கிட்டங்கிகள் மூன்று வருடமாக ஒவ்வொன்றாய்க் கலரிகளாக, கலைக்கூடங்களாக மாறி வந்தன. கப்பல்களுக்குக் கயிறு கட்டியே ஓய்வுபெற்ற அப்பா யோகலிங்கம், சனிக்கிழமைகளில் மகளையும் இழுத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் பார்ப்பார். ஒன்றில் நாற்பது பழைய மின்விசிறிகள் சுற்றும், வேறெதுவும் இராது. இன்னொன்றில் வெறும் உப்புக் குவியல். "எங்கட வீட்டு விசிறியையும் கொண்டந்திருக்கலாம், இஞ்சயெண்டா மரியாதை" என்று சிரிப்பார். கடைசியில் கலைக்கூடம் நடத்தும் றிஷானாவிடம் தானே ஒரு அறை கேட்டு வாங்கினார். கப்பல்கள் கழித்துவிட்ட கயிறுகளைக் கூரையிலிருந்து நெருக்கமாகத் தொங்கவிட்டார். விலக்கிக்கொண்டுதான் உள்ளே போகலாம். முந்தாநாள், "மிச்சத்தை நாளைக்குக் கட்டுவம்" என்று வந்து படுத்தவர் எழும்பவில்லை.

காலையில் செத்தவீட்டுக்கு வந்த றிஷானா, "மரியாதைக்கு அந்த அறையப் பூட்டி வைக்கிறன் அக்கா" என்றாள்.

"பூட்டாதீங்க. நான் வந்து கட்டுறன்." தலைமாட்டில் இருந்தபடியே ஜெயரூபி சொன்னாள்.

இப்போது மாமி கையை விடவில்லை. "சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். சுடலைக்குத்தான் என்னை விடமாட்டீங்கள். இதுக்காவது விடுங்கோ."

ஓட்டோ வந்து நின்றது. மாமி கையை விட்டார்.

"தள்ளி இரு," என்று ஏறினார். "அண்ணன்ர முடிச்சு உனக்கு வராது."

கலைக்கூடத்தில் ஏணி தயாராக நின்றது. ஜெயரூபி ஏறினாள். கீழே நின்று மாமி கத்தினார்: "அப்பிடியில்லையடி, மற்றப் பக்கத்தால சுத்து! ஏலாது, உன்னால ஏலாது. இறங்கு."

"மாமி, உங்கட முழங்கால்..."

"அது என்ர முழங்கால். நீ ஏணியப் பிடி."

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. கயிறுகளை விலக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஏணி உச்சியில் ஈரத்தலையோடு ஒரு வயதான பெண். கயிற்றைச் சுற்றிச் சுற்றி, "என்ர ராசா, என்னை விட்டுட்டுப் போனியேடா" என்று தணிந்த குரலில் அழுதுகொண்டிருந்தார். படமெடுக்கத் தூக்கிய போன்கள் கீழே இறங்கின.

ஒரு பெண் ஜெயரூபியிடம் மெல்லக் கேட்டாள்: "இவவும் இந்தப் படைப்பில சேர்த்தியா?"

றிஷானா பதறி வாயைத் திறந்தாள்.

"ஓம்," என்றாள் ஜெயரூபி, ஏணியை இரண்டு கையாலும் பிடித்தபடி.

மேலே மாமி முடிச்சை இழுத்து இறுக்கினார். கயிறு தரைவரை இறங்கி ஆடியது. நின்றவர்கள் ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள்.