வால்பாறையில் பார்த்த குளிர்

சீனாக்காரன் எல்லை தாண்டிய செய்தி பேப்பரில் வந்த மூன்றாம் நாள், கோயமுத்தூர் மில் முதலாளி வெங்கடபதி ஒரு தேசப் பாதுகாப்புக் கமிட்டியை ஆரம்பித்துவிட்டார். ஆறு வருஷத்துக்கு முன் சீனாவிலிருந்து வந்த தூதுக்குழுவுக்கு ரோஜா மாலை போட்டு, அண்ணன் தம்பி என்று கட்டிப்பிடித்துக்கொண்டவரும் இவரேதான். அந்தப் போட்டோ இப்போது ஆபீஸ் சுவரில் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

கமிட்டியின் தீர்மானங்களை டைப் அடிப்பவன் திருமூர்த்தி. மில்லில் பதினோரு வருஷமாக டைப்பிஸ்ட். அவன் தம்பி செங்கோடன் பட்டாளத்துக்காரன். வடகிழக்கு எல்லையில் பனிமலை மேல் கிடந்தான். கால்ல கேன்வாஸ் ஷூ, மேல பருத்திச் சட்டை, விரலெல்லாம் மரத்துப்போச்சு அண்ணா, ஒரு கம்பளி இருந்தாப் போதும் என்று எழுதியிருந்தான். சீனாக்காரனை விரட்டச் சொல்லி டெல்லியில் உட்கார்ந்து ஆணை போட்ட மகானுபாவர்கள், விரட்டப் போகிறவன் காலில் என்ன மாட்டியிருக்கிறான் என்று குனிந்து பார்க்கவில்லை.

கமிட்டியும் அதே லட்சணம்தான். "ரெண்டே குண்டுங்க, பீக்கிங் காலி" என்றார் பாலுசாமி. தோட்டத்தில் பன்றி விரட்ட வேட்டுப் போடுவதற்கே ஆள் வைத்திருந்த மிராசு அவர். எல்லாரும் முறுக்கைக் கடித்தபடி ஆமோதித்தார்கள்.

"ஜவான்களுக்கு நம்ம மில் துணியில பஞ்சு வெச்சுத் தெச்ச கோட்டு ஐந்நூறு அனுப்பறோம்" என்றார் வெங்கடபதி.

திருமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க முதலாளி, அங்க கொட்டறது பனிங்க. பஞ்சு நனைஞ்சு ஊறிப்போச்சுன்னா உள்ள இருக்கறவன் வெறச்சுப் போவானுங்க."

"போன வாரம் நானே வால்பாறை எஸ்டேட் பங்களாவுல போட்டுப் பாத்துப்போட்டேன். வேர்த்தே போச்சு! வால்பாறையில இல்லாத குளிரா? நீ டைப் அடிக்கற வேலையப் பாரு."

குளிர் என்றால் வால்பாறை என்று பிறந்தது முதல் நம்பியவர்கள், தலையாட்டினார்கள். பங்களாவில் கணப்பு எரிந்ததா என்று கேட்க அங்கே ஒருத்தருக்கும் மூளை இல்லை.

ஆர்டரை டைப் அடிக்க உட்கார்ந்தவனுக்குத் தம்பியின் விரல்கள்தான் கண்ணில் நின்றன. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது என்பதும் தெரியும். தெரிந்தேதான் அடித்தான். கோட்டுக்குப் பதிலாக, குரும்பர்கள் நெய்யும் ஆட்டு ரோமக் கறுப்புக் கம்பளி ஐந்நூறு. அனுப்ப வேண்டியவர், கம்பளி வியாபாரி அப்துல் வஹீது. டைப்பிஸ்ட் நீட்டிய காகிதத்தைப் படிப்பது தன் அந்தஸ்துக்குக் குறைச்சல் என்று நினைக்கிற வெங்கடபதி, கையெழுத்தைப் போட்டுத் தள்ளினார்.

பதினைந்து நாள் கழித்து ரயில்வே ஸ்டேஷனில், ராணுவ அதிகாரி முன்னால் மூட்டைகளைப் பிரித்தார்கள். ஆட்டு வாடை குப்பென்று அடித்தது. வெங்கடபதியின் முகம் வெளிறிவிட்டது. பின்னால் நின்ற திருமூர்த்தி, மூட்டைகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டான்.

"ஆடு மேய்க்கறவன் போத்தறதுங்களே இது!" என்றார் பாலுசாமி.

அதிகாரி ஒரு கம்பளியை உதறி, கையால் அழுத்திப் பார்த்தார். "ஊர் ஊராக எதையெதையோ அனுப்பினார்கள். உருப்படியாக வந்தது இதுதான்" என்றார்.

"நாந்தானுங்க கண்டிசனாச் சொன்னேன், கம்பளியே இருக்கோணும்னு!" வெங்கடபதி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. மாலைக்குக் கழுத்தை நீட்டினார், போட்டோவுக்குச் சிரித்தார். சீச்சீ, இந்த மாதிரி ஆட்களுக்கு வெட்கம் எந்தக் கடையில் கிடைக்கும்?

ரயில் போனதும் ஆபீசுக்கு வந்தார். திருமூர்த்தியை மிஷின் முன் உட்காரவைத்து அவரே வாசகம் சொன்னார். கமிட்டித் தீர்மானத்தை மாற்றிய டைப்பிஸ்ட் திருமூர்த்தி, தேசப் பாதுகாப்பு விஷயத்தில் நம்பத்தகாதவர். இன்றோடு வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். தன் பெயரைத் தானே எழுத்துப் பிசகாமல் அடித்து முடித்தான் அவன்.

வெங்கடபதி காகிதத்தை வாங்கிக்கொண்டார். "அப்பறம், உன்ற தம்பிக்குக் கடுதாசி போடு. முதலாளி கம்பளி அனுப்பியிருக்கறாருன்னு மறக்காம எழுது."

"ஆகட்டுங்க முதலாளி" என்று சொல்லிவிட்டான் திருமூர்த்தி. படியிறங்கி வெளியே வந்தபோது, அவர் முகத்தில் துப்பாத எச்சிலைத் தன் முகத்திலேயே துப்பிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.