மேல் மாப்பிள்ளை, கீழ் மாப்பிள்ளை

தம்புசாமியின் புதுக் கைத்தொலைபேசியில் ‘மாப்பிள்ளை’ என்ற ஒரே பெயரில் இரண்டு நம்பர்கள் இருந்தன. அதற்குக் காரணம் அவர் மனைவி மீனம்மா. பேச்சு முடிந்து வெற்றிலை பாக்கு மாற்றுகிற வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெயரை எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது, எழுதினால் தட்டிப்போகும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நம்பர் மட்டும் இருக்கலாமாம். சாமிக்கு நம்பர் படிக்கத் தெரியாது போலிருக்கிறது.

மகள் கலைமகளைப் பார்க்க முதலில் வந்தவர்கள் அலோர் காஜா ஊர்க்காரர்கள். அடுத்து வந்தவர்கள் தங்கா பத்துக்காரர்கள். பழைய போனில் வந்த வரிசைப்படியே மேலே ஒரு மாப்பிள்ளை, கீழே ஒரு மாப்பிள்ளை. செங் ஊரில் ஃபேக்டரி பஸ் ஓட்டும் தம்புசாமிக்கு அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. மேலே அலோர் காஜா, கீழே தங்கா பத்து. இதைக்கூடவா ஒரு மனுஷன் மறப்பான்?

பழைய போனில் பேட்டரி நிற்கவில்லை. வியாழக்கிழமை அதைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கினார். கடைக்காரச் சீனப் பெண் பழையதைப் பார்த்துப் பார்த்து எல்லா நம்பரையும் தன் கையாலேயே புதியதில் ஏற்றித் தந்தாள். இவர் பக்கத்துக் கடையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, ராகு காலத்துக்கு முன் இரண்டு வீட்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கலைமகள் தன் முடிவைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்ற அலோர் காஜா வீடு வேண்டாம். தங்கா பத்துக் குகனைப் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அவள் தரையைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையில் தம்புசாமிக்கே கொஞ்சம் பயம் வந்தது.

கசப்பை முதலில் முடித்துவிடலாம் என்று மேல் மாப்பிள்ளையை அழுத்தினார். ஆண் குரல். செங்கிலிருந்து தம்புசாமி பேசுவதாகச் சொல்லி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை மூச்சு விடாமல் ஒப்பித்தார். பிள்ளைக்கு விருப்பமில்லை, தப்பாக நினைக்க வேண்டாம்.

“பரவால்லங்க. பிள்ள எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.”

அலோர் காஜாக்காரர் இவ்வளவு தங்கமானவரா என்று தம்புசாமிக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது.

கீழ் மாப்பிள்ளையை அழுத்தினார். இப்போது பெண் குரல். எங்களுக்குச் சம்மதம் என்றதும் அந்த அம்மா அழுதேவிட்டார். எத்தனையோ வீட்டுப் படி ஏறியும் மகனுக்கு அமையவில்லையாம். இன்றைக்குத்தான் வயிற்றில் பால் வார்த்தீர்கள் என்றார். தம்புசாமிக்கும் கண் கலங்கியது. வைப்பதற்கு முன், இந்த மாதத்தோடு பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிடச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா.

தம்புசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாராளமாக வேலைக்குப் போகட்டும் என்று வாயாரச் சொன்ன தங்கா பத்துக்காரர்கள் ஒரே வாரத்தில் பேச்சு மாறுவார்களா? வேண்டாம் என்றவரை ஒருத்தர் வாழ்த்துகிறார், சம்மதம் என்றவரிடம் இன்னொருத்தர் நிபந்தனை போடுகிறார். ஊர் தலைகீழாகிவிட்டதா, தனக்குத்தான் மூளை கலங்கிவிட்டதா?

தயங்கித் தயங்கி மகளிடம் சொன்னார். அவள் முகம் செத்துப்போனது. பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

“யாருப்பா பேசுனது?”

“குகனோட அம்மாதான்.”

“குகனுக்கு அம்மா இல்லப்பா. தவறிட்டாங்க.”

பெண் பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ ஒரு அத்தையை அம்மா என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கலைமகள் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பழைய போன் பட்டியலில் முதல் ஆளாக இருந்த சித்தப்பா கடைசியில் கிடந்தார். கடைக்காரப் பெண் அடியிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறி வந்திருக்கிறாள். அப்படியானால் இப்போது மேலே தங்கா பத்து, கீழே அலோர் காஜா; வாழ்த்தியது குகனின் அப்பா. பெற்ற மகள் ஆசையில் தன் வாயாலேயே மண் அள்ளிப் போட்டுவிட்டோமே என்று தம்புசாமி துடித்துப்போனார்.

மறுபடி அழுத்தப் போனார். ராகு காலம் பிறந்துவிட்டது, பன்னிரண்டு மணிக்கு மேல்தான் பேச வேண்டும் என்று மீனம்மா குறுக்கே வந்தாள். கலைமகள் இருவரையும் பார்த்தாள். மேல் மாப்பிள்ளையை அவளே அழுத்தினாள்.

“மாமா, நான் கலைமகள் பேசறேன். வேற வீட்டுக்குச் சொல்ல வேண்டியத அப்பா உங்களுக்குச் சொல்லிட்டாரு. எனக்குக் குகனப் பிடிச்சிருக்கு. நான் வேணாம்னு சொன்னதா அவர்கிட்ட சொல்லிடாதீங்க, மாமா.”

கல்யாணப் பெண் தானே பேசுவதா என்று மீனம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, கலைமகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பேசி முடித்ததும் மேல் மாப்பிள்ளையை அழித்துவிட்டு அந்த இடத்தில் குகன் என்று எழுதினாள். மீனம்மா பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்புசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் மகள் போனை அவரிடம் நீட்டினாள். திரையில் கீழ் மாப்பிள்ளை இருந்தார்.

“இத நீங்கதான்பா சொல்லணும்.”

அவர் அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் நாலைந்து பேர் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க சம்பந்தி” என்றார் அந்த அம்மா.