கோழிக்கு ஒரு நியாயம்

எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. நின்றதிலிருந்து உடம்பில் ஒரே கொதிப்பு. கோழிப்பண்ணையில் தீவனம் அள்ளும்போதே குபீரென்று வியர்த்துவிடும். தூக்கம் என்பதே கிடையாது. என் கணவரின் அக்கா கண்ணாத்தா, எனக்கு நங்கையா முறை, தம்மம்பட்டியிலிருந்து ஒரு வேர்ப்பொடி கொண்டுவந்தார். டப்பாவில் பேரும் இல்லை, ஊரும் இல்லை.

"மலை வேரு அம்மணி, அது என்ன பண்ணீரும்?" என்றார்.

பொய் சொல்லக்கூடாது, கொதிப்பு அடங்கியது. தூங்கினேன். பிறகு ஒரு நாள் மறுபடி உதிரம் பட்டது.

சேதி கேட்ட நங்கையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "மருந்து புடிச்சுருச்சு அம்மணி! வயசு திரும்புது." என் வீட்டுக்காரர் மோகன்குமார் அதற்கும் மேல். முட்டை குறைந்த கிழட்டுக் கோழிக்குத் தீவனத்தைக் குறைத்து, இறகை உதிரவிட்டு, திரும்பவும் முட்டைக்குக் கொண்டுவருவது எங்கள் தொழிலில் உண்டு. "அதே கதைதான் மலரு. கோழி மறுபடி முட்டைக்கு வர்றதில்லையா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, மக்காச்சோளத்துல பூஞ்சை வாடை அடிச்சாலே சாம்பிள் எடுத்துட்டு லேபுக்கு ஓடறீங்க. பேரில்லாத பொடியக் கோழிக்குப் போடுவீங்களா?"

"அதெப்படிப் போடறது? பண்ணையே போயிருமே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. தலையைச் சொறிந்தார்.

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். பயம்தான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதற்கு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பயப்படலாமே.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "மூலிகை எல்லாமே கெடுதல்னு நான் சொல்லலைங்க. இதுல என்ன இருக்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மொதல்ல நிறுத்துங்க. விலக்கு நின்னு வருசம் தாண்டுனதுக்கப்பறம் ஒரு சொட்டு பட்டாலும் என்னன்னு பாத்தே ஆகணும்." ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருந்தது. அதில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அடுத்த வாரம் முடிவு வந்தது. புற்று இல்லை. கவனிக்காமல் விட்டிருந்தால் ஆகியிருக்கலாம், இப்போதே மருந்தில் சரிசெய்யலாம் என்றார். கொதிப்புக்கும் வேறு வழி சொன்னார்.

திரும்பி வந்தபோது வீட்டில் நங்கையா இருந்தார். சண்டைக்கு வருவார் என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சண்டைக்கு வரவில்லை. கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் ரொம்ப மாசமாப் படுது சாமி," என்றார் மெல்ல. "மருந்து வேலை செய்யுதுன்னு சந்தோசமா இருந்தேன். அதனாலதான் உனக்கும் கொண்டாந்தேன்."

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினேன்.

"எந்திரீங்க நங்கையா. சேலையெல்லாம் மாத்த வேண்டாம், இப்பவே போறோம்."

மோகன்குமார் கார் சாவியை எடுத்தார். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.