பொடியன் நடந்தால்

இப்போதெல்லாம் தெருவில் தள்ளுவண்டி வந்தால் குழந்தை என்று நினைத்துக் குனிந்து பார்க்கக் கூடாது. போன மாதம் பார்த்தேன். உள்ளே நாய். கழுத்து வரை போர்த்திக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. தள்ளிக்கொண்டு போனவனிடம், "ஏம்ப்பா, அதுக்குத்தான் நாலு கால் இருக்கே?" என்றேன். அவன் காதில் எதையோ மாட்டியிருந்தான், சிரித்துவிட்டுப் போய்விட்டான். பெற்ற அப்பனை ஒரு நாள் இப்படித் தள்ளியிருப்பானா? நாய்க்கு வண்டி, நாய்க்குச் சட்டை, நாய்க்கு நடை பழக்க ஒரு வாத்தியார். காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்களாம்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அடுத்த வாரமே நானும் ஒரு நாய்க்கு நடை பழக்கும்படி ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரிக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாலு அடி வைத்தாள், ஐந்தாவதில் விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பயம்தான் ஏறி உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்த பிறகு கட்டில், நாற்காலி, கழிப்பறை, இந்த மூன்றைத் தாண்டவில்லை. அதற்கும் என் தோள் வேண்டும். வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபிக்காரப் பெண் ஒருத்தி வந்து காலை நீட்டி மடக்கிவிட்டுப் போவாள். ஒரு நாள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

"ஐயா, இன்னும் மூணு வாரம்தான். அதுக்குள்ள நடக்கலைன்னா மூட்டு இறுகிடும். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் மடங்காது."

இதைக் கேள்விப்பட்டு எங்கள் மகள் வெளியூரிலிருந்து ஒரு நாய்க்குட்டியை அனுப்பி வைத்தாள். "அம்மாவுக்கு நாய்ன்னா உசிருப்பா. அதை வெளிய கூட்டிக்கிட்டுப் போகணும்னாவது எந்திரிப்பாங்க" என்றாள் போனில். கூடையைத் திறந்தால் பவுடர் பூசுகிற பஞ்சு மாதிரி ஏதோ கிடந்தது. இரண்டு கிலோ கூட இருக்காது. இதற்கு மேல் வளராத ஜாதியாம். வளராத ஒன்றை எதற்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரி அதை மடியில் வைத்துக்கொண்டு, 'பொடியன்' என்று பெயரும் வைத்தாள். "நட" என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டித் தடுத்தாள்.

"முதல்ல அவன் கயிறு கட்டி ஒழுங்கா நடக்கட்டும். அவன் நடந்தா நானும் நடக்கறேன்."

அது நடக்கப்போவதில்லை என்று தெரிந்துதான் சொன்னாளோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். ஆனால் வாயை விட்டுச் சொல்லிவிட்டாளே. பிடித்துக்கொண்டேன்.

முப்பத்தாறு வருஷம் இழுவை வண்டி ஓட்டினவன் நான். நடுரோட்டில் மூச்சை விட்ட லாரி, பள்ளத்தில் கவிழ்ந்த பஸ், எத்தனையோ இழுத்து வந்திருக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரே பாடம்தான்: கயிறு தொய்யக் கூடாது. தொய்ந்த கயிறு திடீரென்று விறைத்தால் அறும். அறுந்தால் ஆளை வெட்டும். என் புருவத்தில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். மெல்ல இறுக்கி, இறுக்கம் குறையாமல் கொண்டுவர வேண்டும். பத்து டன் லாரி இதற்கு வந்திருக்கிறது. பொடியன் வரவில்லை.

கழுத்தில் மாட்டக் கூடாது, சின்ன ஜாதிக்குத் தொண்டை தாங்காது என்று மகள் மார்போடு சேர்த்துக் கட்டுகிற வார்ப்பட்டையும் அனுப்பியிருந்தாள். மாட்டிவிட்டு மெல்ல இறுக்கினேன். குத்தவைத்து உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். உட்கார்ந்த வாக்கிலேயே, தரை துடைக்கிற துணி மாதிரி, கூடம் முழுக்க வழுக்கிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வெளியே சிமெண்டுத் தரை, அங்கே வழுக்கவும் இல்லை. நாலு காலையும் ஊன்றிக்கொண்டு என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தது.

எங்கள் வீடு முட்டுச்சந்தில். எதிரே தையற்கடை. தையல்காரனுக்குத் துணியை விட ஊர்வம்பில் கவனம் அதிகம்.

"என்ன பெரியவரே, பேட்டரி தீந்துடுச்சா?"

"உன் வேலையப் பாருடா."

"லாரியெல்லாம் இழுத்த கைன்னு சொல்லுவீங்க!"

பிஸ்கட் காட்டினேன். பிஸ்கட்டுக்கு ஓர் அடி வந்தது, தின்றுவிட்டு உட்கார்ந்தது. அதட்டினேன், ஒன்றுக்குப் போனது. கெஞ்சினேன். ஒரு நாய்க்குட்டியிடம், நடுத்தெருவில், இந்த வயதில். அரை மணி நேரம் கழித்து எனக்கே இடுப்பு பிடித்துக்கொள்ள, தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் நாற்காலியிலிருந்தே கேட்டாள்.

"நடந்தானா?"

"நாளைக்கு நடப்பான்."

"அப்ப நானும் நாளைக்கு."

ஆறு நாள் இதே கதை. நாலாவது நாளிலிருந்து, வாசலைத் தாண்டியதும் அது உட்கார்ந்து முன்னங்கால் இரண்டையும் தூக்கி நீட்ட ஆரம்பித்தது. தூக்கு என்று அர்த்தம். அந்த மட்டில் அதற்கு அறிவு உண்டு.

ஏழாம் நாள் பிசியோதெரபிக்காரப் பெண் சந்துக்குள் வரும்போது நான் இழுத்துக்கொண்டிருந்தேன். பையைத் தோளில் வைத்தபடியே நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஐயா, கயிறைத் தொய்ய விடுங்க."

"தொய்ஞ்சா அறுந்துடும்மா."

"ரெண்டு கிலோ நாய் ஐயா அது! நீங்க இழுக்க இழுக்கத்தான் அது எதிர்த்து இழுக்குது. விட்டுட்டுச் சும்மா நில்லுங்க."

விட்டுப் பார்த்தேன். சத்தியமாக விட்டுத்தான் பார்த்தேன். மனசு விட்டது, கை விடவில்லை. கயிறு வளைந்து தரையைத் தொட்ட உடனே என் மணிக்கட்டு தானாக முறுக்கிக்கொண்டது. மூன்று தடவை. மூன்று தடவையும் பொடியன் குத்தவைத்தது. பிறகு முன்னங்கால்களை நீட்டியது. நான் குனிந்தேன்.

"தூக்காதீங்க!" என்றாள் அந்தப் பெண். "அம்மாவையும் இப்படித்தான் செய்றீங்க. தண்ணி கேட்டா கொண்டு வந்து நீட்டறீங்க. எந்திரிக்கணும்னு நினைக்கறதுக்குள்ள தோளைக் கொடுத்துடறீங்க. நீங்க தூக்கறவரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்துதான் இருப்பாங்க."

எனக்குச் சுருக்கென்றது. நேற்று படித்துவிட்டு வந்தவள். 'ஏங்க, விழுந்துடுவேங்க' என்று ஒருத்தி நடு ராத்திரியில் நடுங்குகிற குரலை இவள் கேட்டிருப்பாளா? தோள் கொடுக்காமல் எப்படி இருப்பது? "உங்க வீட்டு ஆளா இருந்தா தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. உள்ளே போய், என் வீட்டுக்காரியைப் பேசிப் பேசி, நாலு கால் ஊன்றுசட்டத்தைப் பிடிக்க வைத்து வாசல் வரை கொண்டுவந்துவிட்டாள். வாசலைத் தாண்டியதும் என் வீட்டுக்காரி நின்றுவிட்டாள். அவளிடமிருந்து ஆறேழு அடியில் பொடியன், கயிறு தரையில் கிடக்க.

"ஏங்க, அவனைத் தூக்கிட்டு வாங்க. வண்டி வந்துடும்."

"முட்டுச்சந்துல என்னடி வண்டி?"

"நாற்காலியாவது போடுங்க. கால் நடுங்குது."

கால் நடுங்கத்தான் செய்தது. சட்டமும் சேர்ந்து நடுங்கியது. நாற்காலி எனக்குப் பின்னால் இரண்டடியில் இருந்தது. அந்தப் பெண் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் கையைக் கட்டிக்கொண்டேன். கட்டாவிட்டால் அது என் பேச்சைக் கேட்காது.

"அவன் நடந்தா நடக்கறேன்னு சொன்னியே, கூப்பிடு அவனை."

"கூப்பிட்டா வந்துட்டாலும்! உங்க பிடிவாதம் அவனுக்கும் ஒட்டிக்கிச்சு." ஆனாலும் கூப்பிட்டாள். "பொடியா... வாடா கண்ணு."

அது எழுந்தது. கயிற்றை இழுத்துக்கொண்டு இரண்டு அடி வைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தது. உட்கார்ந்தது. முன்னங்காலை நீட்டியது, என்னைப் பார்த்து. அவளும் என்னைத்தான் பார்த்தாள், கண் நிறைந்து நின்றது.

"நீங்க போயிடுங்க ஐயா" என்றாள் அந்தப் பெண். "நீங்க நின்னா ரெண்டு பேரும் உங்களையேதான் பார்ப்பாங்க. நான் பிடிச்சுக்கறேன். திரும்பிப் பார்க்காதீங்க."

நான் நகர்ந்தேன். நாலு அடி வைப்பதற்குள் பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து ரோடு ரோடுன்னு விட்டுட்டுப் போனது பத்தலையா? இப்பவும் போறீங்க பாருங்க!"

திரும்பாமல் நடந்தேன்.

சட்டம் சிமெண்டில் ஒரு தடவை டக்கென்றது. அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். குட்டி முனகியது. அந்தப் பெண் ஏதோ சொன்னாள். இன்னொரு டக் வரவே இல்லை. விழுந்தால் அலறுவாள், அலறல் இல்லை. அதுவரைக்கும் சரி.

ஆளை அப்படியே விட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் வைத்தியமா? இதற்கு ஒரு படிப்பு, ஒரு சர்டிபிகேட். சும்மா நிற்பதும் திரும்பிப் பார்க்காமல் போவதும் ஒரு வேலையென்றால் ஊரில் பாதிப் பேர் டாக்டர்தான். என் மனசு ஒப்பவில்லை. கைகளை இன்னும் கட்டிக்கொண்டே சந்து முனை தாண்டி, பெரிய தெருவில் ஏறி, எங்கே போகிறேன் என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தேன்.