உச்சத்தில் எடுத்த பாட்டு

எனக்கு வாய் அதிகம் என்று எங்கள் பட்டுக்கடை முதலாளியே சொல்வார். ஒரு புடவையை விரித்துப் போட்டுப் பேச ஆரம்பித்தேன் என்றால், சும்மா பார்க்க வந்தவர்கூட பில் போடாமல் படி இறங்க மாட்டார். அப்பேர்ப்பட்ட வாய், சர்ச்சில் பாட்டு எடுக்கும்போது மட்டும் என் மானத்தை வாங்கிவிடும்.

முன்னால் நின்று பாட்டு எடுத்துக் கொடுப்பது பாஸ்டர் மனைவியின் வேலையாக இருந்தது. அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதும் அதை என் தலையில் கட்டினார்கள். சுகாசினி தனியாள்தானே, வீட்டில் அவளுக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை என்று நினைத்திருப்பார்கள். நான் எந்தப் பாட்டை எடுத்தாலும் ஆரம்பமே உச்சத்தில் போய் நிற்கும். இரண்டாவது அடியில் ஆண்கள் நிறுத்திவிடுவார்கள், அதற்கு அடுத்த அடியில் பெண்களும். கீபோர்டு வாசிக்கிற ஜான்சன் என் சுருதியைத் தேடித் தேடி ஓய்ந்துபோய்க் கையை மடியில் வைத்துக்கொள்வான். அப்புறம் அத்தனை பேருக்கு நடுவில் நான் மட்டும் கத்திக்கொண்டிருப்பேன். தம்முடைய ஊழியத்துக்கு ஆண்டவருக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று இருக்கும். வீட்டுக்கு வந்து எனக்கு மட்டும் ஒரு பிடி அரிசியைக் களையும்போது அழுகை வரும். யாரிடம் போய்ச் சொல்வது?

வருகிற ஞாயிறோடு சரி, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பாஸ்டரிடம் சொல்லிவிடத் தீர்மானித்திருந்தேன். அதற்குள் பஞ்சாட்சரம் செத்துப்போனார்.

அவர் பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறவர். குடும்பத்தில் அவர் ஒருவர்தான் ஞானஸ்நானம் எடுத்தவர். பேரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை. சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போவார். அவர் குரல் எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தன்னைக் கல்லறைத் தோட்டத்தில்தான் வைக்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

அன்றைக்குக் கடையில் கல்யாணக் கூட்டம். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அரை நாள் லீவு கொடுத்தார். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால், சர்ச் ஆட்கள் என்று பாஸ்டரும் நானும்தான். ஜான்சனுக்கு ஒரகடம் கம்பெனியில் ஷிப்டு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சாக்கு. ஞாயிற்றுக்கிழமை இடித்துக்கொண்டு உட்காருகிற ஜனம் ஒரு சாவுக்கு வரவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிர்ப்பக்கம் அவருடைய பங்காளிகள் நெற்றி நிறைய விபூதியோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வழக்கத்தில் அடக்கம் செய்கிற இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை. மனைவி மங்கையர்க்கரசி மட்டும், யார் தடுத்தும் கேட்காமல் வந்து குழியோரம் நின்றிருந்தார்.

பாஸ்டர் ஜெபத்தை முடித்து என்னைப் பார்த்தார். மோட்சத்தைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றை எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது, வழக்கம்போல உச்சம். இறக்கி மறுபடி ஆரம்பிக்க வெட்கமாக இருந்தது. கூடப் பாட முயன்ற பாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது. பங்காளி ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். முதல் சரணம் பாதி போகும் முன்பே என் குரல் உடைந்து நின்றுபோனது. மண்வெட்டியோடு நின்றிருந்த ஆள்கூட என்னையே பார்த்தார். ஒரு மனுஷனை ஒழுங்காக வழியனுப்பக்கூட நான் லாயக்கில்லை என்று கூனிக் குறுகிப்போனேன்.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து மங்கையர்க்கரசி பாடிக்கொண்டிருந்தார். நான் எடுத்த அதே உச்சத்தில், குழியைப் பார்த்துக்கொண்டே. ஒரு வார்த்தை பிசகவில்லை. பங்காளிகள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான். சரணம் முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"தறியில குந்திக்கினு தெனம் இதத்தாம்மா பாடுவாரு. நான் பக்கத்துல குந்தி பொடவக் கரைக்கு நூல் நாடாவத் தள்ளிக் குடுப்பேன். அந்தத் தறி சத்தத்துல எனக்குக் கேக்கணும்னு இப்டித்தான் உசரத்துல எடுப்பாரு. நீ எடுத்ததும் அவரே பாடறாப்ல இருந்துச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவருக்கு இவ்ளோதான் தெரியும். மீதிய நீ பாடும்மா. அவரு கேக்கட்டும்."

இரண்டாவது சரணத்தை எடுத்தேன். இறக்கவில்லை, உச்சத்திலேயே எடுத்தேன். பாஸ்டரால் கூட வர முடியவில்லை. மங்கையர்க்கரசிக்கு அதற்கு மேல் தெரியாது. தனியாகத்தான் பாடினேன். மண் விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்திலும் பஞ்சாட்சரத்துக்குக் கேட்க வேண்டுமே என்று, இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடினேன்.